நேட்டாலம்மாவின் மூணு பவுனும் என் அறுபதாயிரம் ரூபாயும்

எங்கள் வீட்டில் கோழி திண்ணையில் ஏறினால் ‘சூ’ என்று விரட்ட மாட்டோம். ‘அம்பா! அம்பா!’ என்போம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ அம்மனைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்தார்கள். நாற்பது வயசு வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அது ‘ஹம்பா’ என்ற ஜூலுச் சொல், ‘போ’ என்று அர்த்தம் என்பது பிற்பாடு தெரிந்தது. அதை மாயவரத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் கிராமம் வரை கொண்டுவந்து சேர்த்தவர் என் பாட்டியைப் பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் நேட்டாலம்மா.

அம்மா 2020இல் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாமான்களை ஒழுங்கு பண்ணும்போது, என் மூத்த மகள் பள்ளிக்கூடப் பிராஜெக்டுக்காக எப்போதோ அம்மாவைப் பேசவைத்து எடுத்த ஒலிப்பதிவு கிடைத்தது. நாற்பது நிமிஷம். அதில் பாதிக்கு மேல் நேட்டாலம்மா கதைதான். அதைக் கேட்ட ராத்திரி, இந்த மனுஷி யார், யார் வீட்டுப் பெண், எந்த ஊர் என்று கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். இரண்டரை வருஷம் ஆனது. நான் கணக்கு டீச்சர், செலவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். மொத்தம் ரூ. 61,500. அதில் உருப்படியாகப் போனது பதினாலாயிரம்தான். மற்றதெல்லாம் என் அவசரத்துக்கும் அறியாமைக்கும் கட்டிய அபராதம். இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்கள் அந்த அபராதத்தையாவது கட்டாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த ஒலிப்பதிவில் அம்மா சொன்னது இவ்வளவுதான். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-77) தாய் தகப்பன் செத்து, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, புருஷனோடு நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார். பதிமூணு வருஷம் கழித்து, ‘மூணு பவுனுக்காக’ எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சின்னக் குழந்தையாக இருந்த என் பாட்டியோடு திரும்பி வந்தார். இடது கையில் பச்சை குத்தியிருப்பார். கோபம் வந்தால் ஆப்பிரிக்கா பாஷையில் திட்டுவார். திட்டுக்கு ஒரு உதாரணமும் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: ‘நோரு முய்யி!’

தெலுங்கு தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. ‘அம்பா’ உண்மையிலேயே ஜூலு என்று தெரிந்ததும், திட்டும் ஜூலுவாகத்தான் இருக்கும் என்று நான் மேலே விசாரிக்காமல் விட்டேன். இரண்டு வருஷத்தை மிச்சம் பிடித்திருக்க வேண்டிய துப்பு முதல் நாளே கையில் இருந்தது. பெரியவர்களிடம் ‘எந்த வருஷம் போனார்கள், வயசு என்ன’ என்று கேட்டால் வருவது அநேகமாக ஊகமாக இருக்கும். என்ன சமைப்பார், எப்படித் திட்டுவார், எந்தச் சாமிக்குப் பொங்கல் வைப்பார், தாலாட்டு எந்த ராகம் என்று கேட்டால் வருவது கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. கேட்டதை உங்கள் அறிவுக்கு ஏற்றபடி திருத்தாமல், அவர்கள் உச்சரித்தபடியே பதிந்து வைத்து, நாலு மொழிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணம். 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்து 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் மெட்ராஸிலிருந்து, மற்றவர்கள் கல்கத்தாவிலிருந்து. நாகப்பட்டினம் பினாங்குக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் துறைமுகம். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம் என்பதால் ‘கப்பல் என்றால் நாகப்பட்டினம்’ என்று எல்லாக் கதையிலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். அதை நம்பி நாகப்பட்டினத்தில் மூன்று நாள் திரிந்தேன். உங்கள் வீட்டு ஆள் போன நாடு எது என்று முதலில் உறுதி செய்யுங்கள், துறைமுகம் தானே தெரியும். மொரிஷியஸ் என்றால் அங்கே மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகளின் பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமே உண்டு. ஃபிஜி என்றால் ஆளுக்கு ஒரு குடிப்பெயர்வுச் சீட்டு. நேட்டால் என்றால் கப்பல் பட்டியல். மலேயாவுக்குப் போனவர்களுக்குத்தான் இப்படி ஆள்வாரியான பதிவு கிடைப்பது கஷ்டம்.

நேட்டால் கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். மூலப் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில். அதிலிருந்து தட்டச்சு செய்த கணினிப் பட்டியலும் உண்டு. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் அதைப் பார்க்கலாம். பட்டியல் என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பெயரைப் போட்டால் வந்துவிடாதா?

வந்தது. ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் நேட்டாலம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற அம்மன் பெயர் அது. முனியம்மா, குப்பம்மா போல. இந்த மாதிரிப் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறான். நாம் ‘யு’ போடும் இடத்தில் அவன் இரண்டு ‘ஓ’ போடுவான், ‘க’வுக்கு ‘கே’க்குப் பதில் ‘சி’ போடுவான், கடைசியில் ‘ஹெச்’ இருந்தாலும் இருக்கும். இப்படி எட்டு விதமாக எழுதித் தேடித் தலை சுற்றிப்போன சமயத்தில்தான் அந்த ஆள் வந்து சேர்ந்தார்.

வெளிநாட்டு ஆவணங்களிலிருந்து வம்சாவளி எடுத்துத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர். ரூ. 18,000 முன்பணமாகவே கேட்டார், கொடுத்தேன். நான் செய்த பெரிய தப்பு பணம் கொடுத்தது இல்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னது. தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா, தாது வருஷத்தையொட்டி, இந்தப் பெயர். மூன்று வாரத்தில் அச்சு அசலாக அதே விவரத்தோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1882இல் போனவர், வயசு 24, மாயவரம் தாலுகா. அழகான பார்டர் போட்ட காகிதத்தில் வம்சக் கொடி. நான் அழுதேன். அந்தக் கொடியைச் சட்டம் போட்டு மாட்டி, ஆடி வெள்ளிக்கிழமை படையல் போட்டேன். உறவுக்கெல்லாம் படம் அனுப்பினேன். நாலு மாதம் கழித்து ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. 1882இல் 24 வயசு என்றால் பிறந்தது 1858. என் பாட்டி பிறந்தது 1909. ஐம்பத்தோரு வயசிலா பெற்றார்? கணக்கு டீச்சருக்கு இந்தக் கழித்தல் கணக்கு போட நாலு மாதம் ஆகியிருக்கிறது. அந்தப் படத்தைக் கழற்றிய அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. யாரோ ஒரு பெண்ணுக்குப் படையல் போட்டிருக்கிறேன். அவரும் பசியோடு போனவர்தானே, போகட்டும் என்று பிறகு தேற்றிக்கொண்டேன்.

யாரிடமாவது வேலையைக் கொடுத்தால் உங்களுக்குத் தெரிந்ததில் ஒன்றிரண்டைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் கையில் இருந்த பச்சையைச் சொல்லாமல் வைத்திருந்தால், அவர் கொண்டுவந்த ஆளை அதை வைத்தே சோதித்திருக்கலாம். மூலப் பக்கத்தின் படமும் எந்தக் காப்பகம், எந்தத் தொகுதி என்ற குறிப்பும் கைக்கு வராமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். அச்சடித்த வம்சக் கொடி ஆவணம் இல்லை, கல்யாணப் பத்திரிகை மாதிரி யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அந்த எரிச்சலில் எச்சில் கொடுத்துப் பார்க்கும் மரபணுச் சோதனைக்கு ரூ. 8,500 போட்டேன். தென்னாப்பிரிக்காவில் நிறையப் பேர் தூரத்து உறவு என்று வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த நமக்கு, அந்தச் சோதனை எல்லாரையும் உண்மையைவிட ஓரிரண்டு படி நெருக்கமாகக் காட்டும். ‘மூன்றாம் பங்காளி’ என்று வந்தவருக்கும் எனக்கும் ஊரும் இல்லை, பேரும் இல்லை. வேறு ஆதாரத்தை உறுதி செய்ய வேண்டுமானால் பயன்படுமோ என்னவோ, வெறுங்கையோடு தொடங்குகிறவருக்கு வேண்டாம்.

உண்மையான சாவி என் பெரிய மாமா வீட்டுச் சாமி மாடத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. அம்மாவின் அண்ணன், எண்பத்தெட்டு வயசு. நேட்டாலிலிருந்து வந்த கையோடு வாங்கிய நிலத்தின் பத்திரமும் இன்னும் ஏதோ ஒரு ‘வெள்ளைக்காரக் காகிதமும்’ அவரிடம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். நான் நேரே போய், ‘மாமா, நேட்டாலம்மாவோட பழைய பத்திரம் எல்லாம் கொஞ்சம் காட்டுங்களேன்’ என்று கேட்டேன். அதோடு போச்சு. மாமா முகம் மாறியது. ‘எதுக்கு பாப்பா இப்ப அதெல்லாம்?’ என்றார். சாயங்காலத்துக்குள் குடும்பம் முழுக்கச் செய்தி போய்விட்டது, தங்கச்சி மகள் தாய்வழிப் பங்கு கேட்டு வருகிறாள் என்று. பத்து மாதம் அவர் வீட்டில் எனக்குக் காபி கிடைத்தது, காகிதம் கிடைக்கவில்லை.

நம் ஊரில் வம்சாவளி என்றால் வாரிசு, வாரிசு என்றால் வழக்கு. இதை நான் யோசித்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பத்திரம் என்ற வார்த்தையையே வாயில் எடுக்கக் கூடாது. முதலில் கதை கேளுங்கள், பழைய போட்டோ கேளுங்கள். ‘எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம்’ என்று வாயால் சொல்வது போதாது. நான் கடைசியில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு மாமாவின் பையனிடம் கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் பிளாஸ்டிக் கவர் வெளியே வந்தது.

பத்திரம் 1913ஆம் வருஷத்தது. ஆசையாகப் படித்தேன். ‘இன்னார் பாரியாள் இன்னாள்’ என்று நேட்டாலம்மா பெயர் இருக்கிறது, கீழே கைநாட்டு. அவ்வளவுதான். தகப்பன் பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை. ஆண்களுக்கெல்லாம் ‘இன்னார் குமாரர்’ என்று போடுகிற பத்திர எழுத்தர், கல்யாணமான பெண்ணைப் பாரியாள் ஆக்கியதும் குமாரத்தியை மறந்துவிடுகிறார். கிராமங்களில் பிறப்பைப் பதிய மெட்ராஸ் மாகாணத்துக்கென்று சட்டம் வந்ததே 1899இல். அதற்கு முன்னால் பிறந்த ஏழைப் பெண்ணுக்குப் பிறப்புப் பதிவு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கலாம். எங்களுக்கு அந்த வழியும் இல்லை.

இன்னொரு காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்த கெட்டித்தாள். ஆங்கிலத்தில் அச்சடித்தது, கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்தம் முடிந்ததற்கானது. மாமா முன்னாலேயே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து ஒரு மாதம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் போனபோது மாமாவின் பேத்தி, ‘அத்தை, பின்னாடியும் ஏதோ எழுதியிருக்கு’ என்றாள். திருப்பினால் மங்கிய மையில் ஐந்து இலக்க எண், பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘மனைவி’. எந்தக் காகிதமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள் என்று எழுதும்போது எனக்கே சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலிருக்கிறது. ஆனால் நான் எடுக்கவில்லையே.

எண் கிடைத்தால் பெயர் எப்படி இருந்தாலும் கவலையில்லை. கணினிப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ஒரே ஒரு பெண். கப்பல் 1899இல் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்து நேட்டால் கப்பல்களின் பெயர்களைப் பார்த்தால் உம்சிந்தோ, உம்ஃபூலி, உம்குஸி என்று எல்லாம் ஒரே ‘உம்’ மயம். அதில் ஒன்று. ஜில்லா: வட ஆற்காடு. தாலுகாக் கட்டம் காலி. கிராமம் ‘பள்ளி’ என்று முடிகிற ஒரு பெயர். தஞ்சாவூர்க்காரி என்று நாங்கள் நினைத்திருந்தவர் தஞ்சாவூர்க்காரியே இல்லை. நேட்டாலில் கல்யாணமாகி, புருஷன் ஊருக்கு வந்து, அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டவர்.

இங்கேயும் அவசரப்பட்டேன். அந்தப் பெயரில் குடியாத்தம் பக்கம் ஒரு ஊர், வந்தவாசி பக்கம் ஒரு ஊர். கார் பிடித்து மூன்று தடவை போனேன், ரூ. 21,000. கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, பழைய கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை, வீட்டைத் தேடி, கோயில் பூசாரியிடம் பேசி, வெயிலில் அலைந்து திரும்பினேன். 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது பேரேடுகள் எங்கெங்கோ போய்விட்டன என்று ஒரு பெரியவர் சொன்னார். குடியாத்தம் பக்கத்து ஊரில் ஒருவர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘ஆமாம்மா, எங்க பாட்டியோட அக்காதான் அது’ என்று சத்தியம் செய்தார். நம்ப எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? தூரத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து உறவைத் தேடுகிறவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. நீங்கள் பெயரைச் சொல்லாமல், அவர்கள் வாயிலிருந்து பெயர் வந்தால் மட்டும் நம்புங்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் டர்பனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். என் சின்ன மகளின் அலுவலகத்தோடு வேலை பார்க்கும் டர்பன் பெண்ணுக்குப் பெரியம்மா. தமிழில் ‘வணக்கம்’ மட்டும் தெரியும், ஆனால் தைப்பூசக் காவடி தப்பாது. நான் கேட்டதற்காகக் காப்பகத்துக்குப் போய், மூலப் பேரேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பணம் வாங்கவில்லை. பதிலுக்கு, தன் பாட்டி பிறந்த ஊர் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். அது எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். அங்கே போய்க் குளத்தையும் ஐயனார் கோயிலையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். என் செலவு நோட்டில் மனசு நிறைந்து எழுதிய வரி அதுதான்: ஆட்டோ, ரூ. 300.

மூலப் பக்கத்தில் தாலுகா தெளிவாகவே இருந்தது. சித்தூர். தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். இன்றைக்கு அது ஆந்திரா. ஆனால் 1911இல் தனி மாவட்டமாகப் பிரிக்கும் வரை சித்தூர் வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. ஜில்லாவின் தலைமையிடமே அதுதான். நான் இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய ஊரைத் தேடியிருக்கிறேன். அதே போலத் திருவண்ணாமலை அப்போது தென் ஆற்காட்டில். ஊர் தேடுகிறவர்கள் அந்தக் காலத்து ஜில்லா மேனுவலை, அதாவது மாவட்டக் கையேட்டை, பார்த்துவிட்டு வண்டி பிடியுங்கள். வட ஆற்காட்டுக்கு 1881இல் வந்தது ஒன்று இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சித்தூர் என்று பார்த்த கணத்தில்தான் ‘நோரு முய்யி’ ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு பேசும் விஞ்ஞான டீச்சரிடம் அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டினேன். ‘வாயை மூடு’ என்று அர்த்தம் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ‘அவர்’ என்று எழுத வரவில்லை. வயசு பத்தொன்பது, என் சின்ன மகளைவிட நாலு வயசு இளையவள். உயரம் நாலடி பத்தங்குலம். இடது முன்கையில் பச்சை. அதைப் படித்ததும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். யாரோ ஒரு குமாஸ்தா அவள் கையைத் திருப்பிப் பார்த்து எழுதியிருக்கிறான். மாடு வாங்குகிறவன் சுழி பார்க்கிற மாதிரி. ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் தகப்பன் பெயர் என்று இந்த உலகத்தில் எழுதியிருக்கிற ஒரே காகிதமும் அதுதான். ஊரில் எழுதிய பத்திரத்தில் இல்லாத தகப்பன், கூலிக் கணக்கில் இருக்கிறான். இதை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

புருஷன் என்று யாரும் இல்லை. தனியாகத்தான் போயிருக்கிறாள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் ஏற்றியாக வேண்டும் என்று விதி இருந்ததால், ஆள் பிடிக்கிறவர்கள் சந்தையிலும் சத்திரத்திலும் தனியாக நிற்கிற பெண்களைத் தேடி அலைந்த காலம் அது. டர்பன் ஆசிரியைதான், ‘அடுத்த எண்ணையும் பாருங்கள்’ என்று எழுதியிருந்தார். அடுத்த எண்: பெண் குழந்தை, வயசு ஒன்று, தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு, ‘மேற்படி பெண்ணின் பிள்ளை’. ஓரத்தில் சின்ன எழுத்தில் இறந்துபோனதாகக் குறிப்பு, 1900. எங்கள் வீட்டில் யாரும், ஒரு தடவைகூட, இப்படி ஒரு குழந்தையைப் பற்றிப் பேசியது கிடையாது. அம்மாவுக்கே தெரிந்திருக்காது. ஐம்பது வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்து செத்திருக்கிறார். உங்கள் ஆளின் எண்ணுக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து வரி படியுங்கள், ஒரே ஊர்க்காரர்கள், உறவுகள் அங்கேதான் இருப்பார்கள். ராத்திரியில் தனியாக உட்கார்ந்து மட்டும் படிக்காதீர்கள்.

சாதிக் கட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சொல்லிக்கொள்கிற சாதி அதில் இல்லை. மாமா பையன் அதைப் பார்த்துவிட்டு, ‘அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிட்டு மத்ததை ஃபிரேம் போடுங்க’ என்றான். அந்தக் கட்டங்களை அவ்வளவு நம்ப முடியாது. ஏற்றினால் போதும் என்று ஆள் பிடிக்கிறவன் சொன்னதும் உண்டு, ஊரை விட்டுத் தப்பித்தவர்கள் மாற்றிச் சொன்னதும் உண்டு, குமாஸ்தா காதில் விழுந்ததும் உண்டு. ஆனால் நான் வெட்டவில்லை. முழுப் பக்கத்தையும்தான் மாட்டியிருக்கிறேன். அதனால் இரண்டு வீட்டுக்காரர்கள் என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. சாப்பாடு மிச்சம்.

சித்தூருக்குப் போனோம், காட்பாடியில் இறங்கி பஸ்ஸில். அந்த ஊர் இருக்கிறது. மாமரங்கள், ஒரு பெரிய ஏரி, தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சனங்கள். அவள் வீடு எது என்று தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை. டீக்கடையில் ஒரு கிழவி தன் பேரனைப் பார்த்து ‘நோரு முய்யிரா’ என்று அதட்டினாள். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சக் கதை மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தாது வருஷம் 1876-77, அவள் பிறந்தது 1880 வாக்கில். அனாதையாக நின்றது ஒருவேளை அவளுடைய அம்மாவாக இருக்கலாம். அம்மா கதையை மகள் சொல்ல, அது மகள் கதையாக எங்களுக்கு வந்திருக்கலாம்.

கடைசியாக அந்த மூணு பவுன். இதில் எங்கள் குடும்பத்தில் நாற்பது வருஷப் பகை இருக்கிறது. ‘மூணு பவுனுக்காகத் திரும்பி வந்தோம்’ என்று நேட்டாலம்மா சொன்னதை, மூணு பவுன் நகை கொண்டுவந்தார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நகை என் சின்னப்பாட்டி வீட்டோடு போய்விட்டது என்று பெரிய மாமாவுக்குத் தீராத கோபம். கும்பகோணத்தில் இருக்கும் அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் இவர் போனதில்லை. நேட்டால் அரசாங்கம் 1895இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தவர்கள் மறுபடி கூலியாகச் சேர வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். அங்கேயே சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக. மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். ஒப்பந்தக் கூலியோ ஆணுக்கு ஆரம்பத்தில் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அதாவது அவளுடைய ஒரு வருஷச் சம்பளம். 1913இல் நடந்த பெரிய போராட்டத்துக்கு அந்த வரியும் ஒரு காரணம். எங்கள் பக்கத்து ஊர்த் தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், 1914 பிப்ரவரியில் செத்தது அந்தப் போராட்டத்தில்தான். அதே வருஷம் வரி ரத்தானது. எங்கள் ஆட்கள் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

இதை எல்லாம் மாமாவிடம் போய் மெதுவாகச் சொன்னேன். ‘மாமா, அது நகை இல்லை. வரி. வெள்ளைக்காரனுக்குக் கட்ட வேண்டிய வரி.’

மாமா ரொம்ப நேரம் ஈசிசேரில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், ‘அப்ப கும்பகோணத்துல இல்லையா அது?’ என்றார்.

‘இல்ல மாமா. எங்கயும் இல்ல.’

‘வரின்னா ரசீது குடுத்திருப்பானே.’

கொடுத்திருப்பான்தான். அன்றைக்கு ராத்திரியே டர்பனுக்கு எழுதிப்போட்டேன்.